விமானம் வரைந்த விசை

ஜோதிலட்சுமி தன் பழைய லேப்டாப்பை விலைக்குக் கேட்டார். தர முடியாது என்றார்கள். அவருடைய சரிவு அங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. தன் விரலில் தொடங்கியது என்று அவர் இன்றும் நம்புகிறார்.

அந்த லேப்டாப் அலுவலகத்துடையது. மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், குரல் பதிவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதித் தரும் நிறுவனம் ஒன்று இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆய்வாளர்கள் எடுத்த நேர்காணல்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்த பேட்டிகள், சோப்பைப் பற்றியும் டீத்தூளைப் பற்றியும் குடும்பப் பெண்களிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் அங்கே ஒலியாக வந்து எழுத்தாகப் போகும். பதினோரு பேர் எழுதினார்கள். அதைப் படித்துத் திருத்துவது என் வேலை. பதினோரு பேரில் ஜோதிலட்சுமி எழுதியது வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசிக்கலாம்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குடிசை ஒன்றில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். கணவர் தணிகாசலம் சினிமாவில் லைட்மேன். கோடம்பாக்கத்திலிருந்து போன் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. பெருவெள்ளம் வந்த பிறகு, ஆற்றங்கரை ஆபத்தானது என்று சொல்லி அந்தக் குடிசைகளைப் பிரித்து, எல்லாரையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே ஆற்றின் அதே கரையில் நிற்கும் பெரிய கட்டடங்களுக்கு மட்டும் ஆறு ஆபத்தாக இல்லை. அந்த வருடம்தான் ஜோதிலட்சுமி மயிலாப்பூரில் வேலைக்குச் சேர்ந்தார். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். ஒன்பது வருடம்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், நான் திருத்திய தாள்களை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றார். வீடு இழந்த ஒரு பெண்மணியின் நேர்காணல் அது.

"சார், இந்தம்மா 'இன்னா'ன்னுதான் சொல்லிக்கீது. நீங்க 'என்ன'ன்னு மாத்திட்டுக்கீறீங்க."

"படிக்கிறவங்களுக்குப் புரியணுமில்ல ஜோதி?"

"பிரியலன்னா கத்துக்கட்டும் சார். வூட்ட இட்சிட்டான்னு அயுவுது அது. நீங்க மாத்துனா இஸ்கூல் டீச்சர் லீவு லெட்டர் எய்தினா மாதிரி கீது."

எத்தனையோ புத்தகங்களைப் படித்து எனக்கு உறைக்காத ஒன்றை அவர் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் தாள்களில் 'இன்னா' 'இன்னா'வாகவே இருந்தது. ஆய்வாளர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஆற்றங்கரைக் குரல்கள், மீன் மார்க்கெட் குரல்கள், பல் இல்லாதவர்கள், அழுதுகொண்டே பேசுபவர்கள் — மற்றவர்கள் "தெளிவில்லை" என்று அடைப்புக்குறி போட்ட இடமெல்லாம் அவர் காதில் தெளிவாக விழுந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஹெட்போனை மாட்டியதும் கண்ணை மூடிக்கொள்வார். பத்து விரலும் தாமாக ஓடும். ஒரு சொல் நழுவினால் வலது கை ஒரு கணம் மேலே எழும்பி, மேல்வரிசையில் எஃப் 8 என்ற விசையைத் தட்டிவிட்டு இறங்கும். தட்டினால் ஒலி மூன்று விநாடி பின்னால் போகும். மறுபடி கேட்பார், மறுபடி தட்டுவார். சில குரல்களுக்கு ஒரு வரிக்கு ஏழெட்டுத் தட்டு. ஒன்பது வருடத்தில் அலுவலகம் இரண்டு முறை லேப்டாப்பை மாற்றியது. இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு, விசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவருடைய எஃப் 8 விசையில் எழுத்து அழிந்து நடுவில் வழவழவென்று சின்னப் பள்ளம் விழுந்திருந்தது.

சென்ற பங்குனி மாதம் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சமோசாவும் ஃப்ரூட்டியும் கொடுத்தார்கள். கிளை மேலாளர் ஸ்ரீஹரி எழுந்து, "இனிமே நீங்க யாரும் எம்ப்ளாயி கிடையாது. எல்லாரும் பார்ட்னர்ஸ்" என்றார். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஊழியர் என்ற சொல் போனபோது அதோடு மாதச் சம்பளம், விடுப்பு, வருங்கால வைப்பு நிதி எல்லாம் போயின என்பது சமோசா தீர்ந்த பிறகுதான் புரிந்தது. இனி அவரவர் வீட்டிலிருந்து எழுத வேண்டும். அவரவர் செலவில் லேப்டாப் வாங்க வேண்டும். அதுவும் வீட்டுக்கு வாங்குவதுபோல இருக்கக் கூடாது, 'பிசினஸ் லேப்டாப்' ஆக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இணையம் வழியாக ஒரு தகுதித் தேர்வு. கேமரா வழியாக மென்பொருள் கண்காணிக்கும். மூன்று எச்சரிக்கை விழுந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒன்பது வருடம் தினமும் எழுதியவருக்கு எழுதத் தெரியுமா என்று பார்க்க இத்தனை ஏற்பாடு.

எனக்குத் தேர்வுகூட இல்லை. பிழை திருத்த மென்பொருள் வந்துவிட்டது என்று சொல்லி அந்த மாதக் கடைசியில் சால்வை போர்த்தினார்கள்.

ஜோதிலட்சுமி ஸ்ரீஹரியிடம் போய்க் கேட்டார். நான் பக்கத்தில்தான் என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

"சார், என் மிஷின எனுக்கே குட்த்துடுங்க சார். இன்னா வெலயோ புட்ச்சிக்குங்க."

"இல்ல மேடம், டேட்டா செக்யூரிட்டி. ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டா. அதோட அது லிஸ்ட்ல இருக்கற ஸ்பெக்குக்கும் வராது."

"ஒம்போது வர்சம் வந்துச்சே சார்."

ஸ்ரீஹரி சிரித்தார். கெட்டவர் இல்லை. ஜோதிலட்சுமியின் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் விடுப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டவர். கெட்டவர்கள் ஒருவரும் இல்லாமலேயே இவ்வளவும் நடந்தேறும்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் என் ஆத்திரம்.

அந்த வாரமே பழைய லேப்டாப்புகளைச் செங்கல்போல அடுக்கி ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். ஜோதிலட்சுமி மருந்துக்கடை வாசலில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்தார். "என்துதான் அடில கீது சார்" என்றார்.

புதியது வாங்க தியாகராய நகருக்கு நானும் உடன் போனேன். கைக்கு வந்த பழைய வைப்பு நிதியில் பெரும் பங்கு அதற்கே என்று முடிவுசெய்து வந்திருந்தார். கடைக்கார இளைஞரிடம் முதலில் அவர் கேட்டது பழைய கம்பெனியின் பெயரைத்தான்.

"அந்தக் கம்பெனில இந்த மாடல் வர ரெண்டு வாரம் ஆகும் மேடம்."

"எனுக்கு ஆறு நாள்ல டெஸ்டு."

"அப்ப இத எடுங்க. இது அதவிட டாப். பெரிய பெரிய ஆபீசர்லாம் இதான் வச்சிருக்காங்க."

அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்பு. பளபளப்பு இல்லாத, தொட்டால் ரப்பர்போல இழுக்கும் கறுப்பு. ஜோதிலட்சுமி முதலில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு விரலால் மூடியைத் தொட்டார். திறந்தபோது திரை ஒரே தட்டையாகப் பின்னால் சாய்ந்துகொண்டே போக, உடைத்துவிட்டோம் என்று பயந்து பிடித்துக்கொண்டார். அப்படித்தான் சாயும் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். கேமராவுக்கு மேல் நகக்கண் அளவில் ஒரு கதவு இருந்தது. அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "வேணாங்கும்போது சாத்திக்கலாமா! நல்ல மருவாத தெரிஞ்ச மிஷின்தான்" என்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆபீசர் வூட்டு நாய் மாதிரி கீது சார். கொலைக்கவே மாட்டேங்குது. நம்பளப் புட்சிக்கீதா புட்சிக்கலயான்னே தெரியல."

நான் உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். மின்சார ஏற்ற இறக்கத்தால் கெட்டால் பொறுப்பில்லை என்ற வரியைக் காட்டிக் கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். விசைப்பலகையையும் பார்த்தேன். மேல்வரிசையில் ஒவ்வொரு விசையிலும் ஒரு சின்னப் படம் — ஒலிபெருக்கி, சூரியன், திரை. எட்டாவதில் ஒரு விமானம். அதன் ஓரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், எஃப் 8. பார்த்தேன். எல்லாவற்றையும் படிப்பவன் என்று பெயர் எடுத்தவன், அதைப் படிக்கவில்லை.

பஸ்ஸில் அவர் அதைத் தோளில் மாட்டவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "சொந்தமா பேர் போட்டு பில்லு வந்துக்கீது சார், எனுக்கு. இதான் ஃபஸ்டு டைமு" என்றார். அவர் குடியிருக்கும் வீடுகூட அவர் பெயரில் இல்லை.

திங்கட்கிழமை தொடங்கி நான்கு நாளும் தினம் ஒரு போன்.

"சார், காப்பி பண்லாம்னு போனா ஒன்னியும் ஆவல. மூலைல கன்ட்ரோலு இருந்த எடத்துல வேற எவனோ குந்திக்கினு கீறான். கன்ட்ரோலு அடுத்த வூட்டுக்குப் பூட்டான்."

மறுநாள்: "வல்து பக்கம் நம்பரே இல்ல சார். தடவிப் பாக்குறேன், வெறும் மேசதான் கீது."

புதன்கிழமை: "சத்தமே வரல சார் இதுல. பயசு டக்கு டக்குன்னு பேசும். நான் அட்சேனா இல்லியான்னு எனுக்கே டவுட்டா கீது."

வியாழக்கிழமை குரலில் தெம்பு வந்திருந்தது. "பேச்சுவார்த்த முடிஞ்சிட்ச்சி சார். நான் சொல்றத இது கேக்கும், இது சொல்றத நான் கேப்பேன்."

பழகாதது ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒலியைப் பின்னால் தள்ளும் மென்பொருள் நிறுவனத்திடம் மட்டும் இருந்தது. தேர்வு அன்றுதான் திறக்கும். ஒரு மணி நேரம் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள் என்று ஜோதிலட்சுமி ஸ்ரீஹரிக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினார். "அதே கீஸ்தான் மேடம். உங்களுக்கு நைன் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்! கவலையே படாதீங்கோ" என்று பதில் வந்தது, ஒரு கட்டைவிரல் படத்தோடு. ஆகவே அவர் வீட்டில் செல்போனில் ஒலியை ஓடவிட்டு, கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து எழுதிப் பழகினார். அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் இணையம் படிக்கட்டில் மட்டும்தான் வரும். வீட்டுக்குள் இருந்த அந்த லேப்டாப்புக்கு அறுபட இணைப்பே இருக்கவில்லை.

தேர்வு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. கோட்டூர்புரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தேவானை வீட்டில் எழுதுவதாக ஏற்பாடு. தேவானை ஜோதிலட்சுமியோடு ஆற்றங்கரையில் வளர்ந்தவர், இப்போது அடையாறில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறார். அன்று தோழிக்காக லீவு போட்டிருந்தார். நான் பகலெல்லாம் பக்கத்து நூலகத்தில்தான் கிடக்கிறேன் என்பதால் பத்து மணிக்கே போய்விட்டேன். லேப்டாப்பின் மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மல்லிகைச் சரம் ஒன்றும் போட்டிருந்தார்கள்.

"இன்னா நைனா மொறைக்கிற? பொட்டுதான வச்சேன், பொடவையா கட்டி உட்டேன்?" என்றார் தேவானை.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"மூஞ்சி சொல்து. அத்த உடு. வெள்ளிக்கெயம பத்தரை பன்னெண்டு ராவு காலம். அதுல போயி எவனாச்சும் டெஸ்டு வெப்பானா? படிச்சவனுங்கதான இவனுங்க?"

"சும்மா இருடி. மணி ஆவுது" என்று ஹெட்போனை எடுத்து மாட்டிப் பார்த்தார் ஜோதிலட்சுமி.

அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. தேவானையின் செல்போனிலிருந்து இணைப்பு எடுத்து, போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் நடைவழியில் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. எதிர் வீட்டுக் குக்கரையும் தேவானை போய் இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

பதினொன்று. கதவுக்குப் பின்னால் விசைகளின் சத்தம் மழைத்தூறல் மாதிரி தொடங்கியது. ஆறு நிமிடம் நிற்கவே இல்லை. தேவானை என் முழங்காலைத் தட்டி, "பாத்தியா எங்காளு" என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பிறகு நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. மறுபடி நின்றது. இந்த முறை நீண்ட மௌனம்.

"தேவான! நெட்டு பூட்ச்சிடி!" உள்ளேயிருந்து குரல்.

தேவானை ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் போனை எடுத்துப் பார்த்தார். "ஃபுல்லா கீதேடி!"

"வந்துட்ச்சி, வந்துட்ச்சி. பேசாத. பேசுனா மார்க்கு போவும்."

மழை மறுபடி தூறியது. அரை நிமிடம் இருக்கும். நின்றது. அதன் பிறகு கேட்கவே இல்லை. கதவு திறந்தது. ஜோதிலட்சுமி ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி வாசலில் நின்றார். மணி பதினொன்று பத்தொன்பது. ஒரு மணி நேரத் தேர்வு.

திரையில் தெளிவான தமிழில், அவரைப் போன்ற ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்த தமிழில், இப்படி இருந்தது: 'பயனர் தமது கருவியின் இணைப்பை மூன்று முறை தாமே அணைத்துள்ளார். முறைகேடு காரணமாகத் தேர்வு முடிக்கப்பட்டது.'

"நான் எங்க சார் அணைச்சேன்?" என்றார். கோபம் இல்லை. உண்மையிலேயே என்னிடம் தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஒரு தாத்தா பேசினார் சார். படகுக்காரர். வாயில வெத்தல. ஒரு வார்த்த உட்டுட்ச்சி, திரும்பக் கேட்டேன். அவ்ளோதான்."

"நான் சொல்லல? ராவு காலம்" என்றார் தேவானை, அழுதுகொண்டே.

"ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல!" நான் கத்திவிட்டேன். குக்கரை மறுபடி ஏற்றலாமா என்று கேட்க வந்த எதிர் வீட்டுப் பெண்மணி பயந்து உள்ளே போனார். வானத்தில் இல்லாத கிரகத்தின் பெயரைச் சொல்லி இந்த ஊரில் எத்தனை முதலாளிகள், எத்தனை மேலாளர்கள், எத்தனை அதிகாரிகள் தப்பித்திருக்கிறார்கள்! இந்த ஒரு முறையாவது தப்பிக்கவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு.

ஸ்ரீஹரிக்குப் போன் செய்தேன்.

"பாத்தேன் சார். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா லாக்ல, அதான் சிஸ்டமே எழுதற பதிவுல, கிளியரா இருக்கு, அவங்க பக்கத்துலேந்துதான் ஆஃப் பண்ணிருக்கா."

"ஒன்பது வருஷம் பார்த்தவங்களப் பத்தி லாக்கைக் கேட்டா தெரிஞ்சுக்கணும்?"

"சிஸ்டம் எடுத்த முடிவ நான் மாத்த முடியாது சார். எனக்கு அந்த ஆப்ஷனே குடுக்கல."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். இணைப்பு இன்னும் அணைந்தே இருந்தது. திரையின் மூலையில், இணைப்பின் அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன விமானம். எங்கேயோ பார்த்த விமானம். விசைப்பலகையைக் குனிந்து பார்த்தேன். எட்டாவது விசையைத் தட்டினேன். விமானம் மறைந்து இணைப்பு வந்தது. இன்னொரு தட்டு. இணைப்பு போய் விமானம் வந்தது.

பழைய லேப்டாப்பில் எஃப் 8 என்றால் எஃப் 8. இதில், யாரும் மாற்றிவைக்காத வரைக்கும், அது விமானப் பயணத்துக்கான விசை. ஆகாயத்தில் பறக்கும் அதிகாரி ஒரே தட்டில் எல்லா இணைப்பையும் அணைத்துக்கொள்ள வசதி. விமானத்தில் ஒரு நாளும் ஏறாத ஜோதிலட்சுமி, கண்ணை மூடிக்கொண்டு, படகுக்காரத் தாத்தாவின் ஒரு சொல்லைப் பிடிக்க அதைத் தட்டியிருக்கிறார். இணைப்பு அறுந்தது. கேட்கவில்லையே என்று மறுபடி தட்டியிருக்கிறார். வந்தது. அறுத்ததும் ஒட்டியதும் அதே விரல் என்பதால் நெட்டுதான் வந்து வந்து போகிறது என்று நினைத்திருக்கிறார்.

மாற்றிவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றும் பார்த்தேன். இரண்டு விசைகளைச் சேர்த்து ஒரு முறை அழுத்தினால் போதும். ஒரு விநாடி. அதன் பிறகு எஃப் 8 எஃப் 8 ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் அவருக்குச் செய்து காட்டினேன். பகுத்தறிவின் வெற்றி என்று அப்போது அதை நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"அப்ப நெட்டு போவல?" என்றார்.

"போகல."

"ராவு காலமும் இல்ல."

"இல்லவே இல்ல ஜோதி."

தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் வெரல்தான்."

நான் எதிர்பார்த்தது வேறு. காரணம் தெரிந்தால் கோபம் வரும், கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்று இத்தனை வருடம் எழுதியும் பேசியும் வந்தவன். கிரகத்தின் மேல் இருந்த பழியை இறக்கி அவருடைய விரலில் ஏற்றிவைத்ததுதான் நான் செய்தது. ராகுவாவது ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும்.

இரண்டு பக்கம் மேல்முறையீடு எழுதினோம். விசையின் படத்தையும், பயிற்சி கேட்டு அவர் அனுப்பிய இரண்டு செய்திகளின் படத்தையும் சேர்த்தோம். அனுப்பிய ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. இரண்டு பக்கத்தை ஒரு மனிதன் படித்திருக்க முடியாது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

திங்கட்கிழமை நேரில் போனோம். மாடிப்படியில் காவலுக்கு நின்ற அய்யாதுரை, ஒன்பது வருடம் தினமும் வணக்கம் சொன்னவர், "லிஸ்டுல பேர் இல்லையே தாயி, நான் என்ன செய்யட்டும்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஸ்ரீஹரியே கீழே இறங்கி மருந்துக்கடை வாசலுக்கு வந்தார். படத்தைக் காட்டினேன். விசையைப் பார்த்தார். உண்மையிலேயே வருந்தினார்.

"ஆனா மேடம், புதுசா ஒரு மிஷின் வாங்கினா மேனுவல் ஒரு தரம் பாத்திருக்கலாமோல்லியோ?"

"பாத்துருக்கலாம் சார்" என்றார் ஜோதிலட்சுமி. "நான் ஒரு மணி நேரம் பயகணும்னு ரெண்டு வாட்டி கேட்டேனே, அத்த நீங்களும் பாத்துருக்கலாம் இல்ல?"

ஸ்ரீஹரி விசையின் படத்தை என்னிடமே திருப்பித் தந்தார். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது.

பிறகு விசாரித்தேன். பதினோரு பேரில் தேறியவர்கள் நான்கு பேர். தவறியவர்களில் ஷீலா என்ற பெண்ணும் அதே கம்பெனி லேப்டாப்தான் வாங்கியிருந்தார். அவருக்கும் பதினைந்தாவது நிமிடத்தில் 'முறைகேடு'. நிறுவனத்துக்கு வேண்டியிருந்ததும் நான்கு பேர்தான் என்று அய்யாதுரை சொன்னார். திட்டம் போட்டார்களா? இல்லை. திட்டம் போடுவதற்கு அக்கறை வேண்டும். ஒரு மணி நேரம் திறந்துவிடாமல் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். மற்றதை ஒரு விமானப் படம் செய்து முடித்தது. வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். பார்ட்னருக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் இடமில்லை என்றார்.

கடையில் லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி பிரித்தாகிவிட்டது, அதோடு மூடியில் மஞ்சள் கறை ஏறியிருந்தது.

ஜோதிலட்சுமி இப்போது தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், இரண்டாம் மாடியில், ரவிக்கைத் துணிப் பிரிவில் நிற்கிறார். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குப் பத்து நிமிடம். ஆறு மாதம் முடியப் போகிறது என்று சொல்ல, போன வாரம் நான் அங்கே போனேன். டீ நேரத்தில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். முதலில் அவர் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"புதன்கிழமை திறக்கிறாங்க ஜோதி. இப்ப அந்த விசை சரியா இருக்கு. எழுதுங்க, நீங்க தேறாம வேற யாரு தேறுவாங்க?"

"வூட்ல போட்டுப் பாத்தேன் சார்."

"என்ன ஆச்சு?"

"கண்ண மூடிக்கினு கேக்குறேன். ஒரு வார்த்த உடுது. கை மேல போவுது." வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது காற்றில் பாதியில் நின்றது. "இங்கியே நின்னுடுது சார். எறங்க மாட்டேங்குது. கண்ணத் தொறந்து, எட்டுதானான்னு பாத்து, மறுக்கா பாத்து, அப்பாலதான் அமுக்குது. அதுக்குள்ள பேசுனவங்க எங்கியோ பூட்றாங்க."

"பழகினா சரியாகிடும்."

"கண்ணத் தொறந்தா எனுக்குக் காது கேக்காது சார்." கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒம்போது வர்சம் அது இன்னா பண்துன்னு நான் பாத்ததே இல்ல. இப்ப பாத்துக்கினே இருக்க வேண்டிதா கீது. திருடன் கைய பாக்குற மாதிரி."

 அவருடைய காதை யார் பறித்தது என்பதற்கு ஆதாரம், தேதி, நேரம், படம் எல்லாம் என் பையில் இருந்தன. அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது மட்டும் தெரியவில்லை.

மேலே மணி அடித்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். நானும் பின்னாலேயே இரண்டாம் மாடி வரைக்கும் போனேன். ஒரு பெண்மணி பட்டுப்புடவையின் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பச்சைக்கு ஒத்த துணி வேண்டும் என்று நின்றிருந்தார்.

"இன்னா பச்சம்மா, கிளிப்பச்சையா—"

தள்ளி நின்ற மேற்பார்வையாளர் விரலைச் சொடுக்கினார். "ஏய், இங்க 'இன்னா' கின்னாலாம் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதது?"

ஜோதிலட்சுமி என் பக்கம் திரும்பவில்லை. கவுன்டரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"என்ன பச்சை மேடம் வேணும்?" என்றார்.